பயிட் கழுவிய தண்ணீரில் முடி போன்ற புழு: தொட்டியில் உள்ளவற்றுக்கும் பரவுமா?

பெகுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் பெகுவில் வீட்டுக்குப் பின்புறம் ஆறு சிமெண்டுத் தொட்டிகளில் பயிட் (இங்கே பொரித்துத் தின்னும் சுவர்க்கோழி) வளர்த்து, பொரித்து விற்பவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். போன வாரம் வயற்காட்டில் பிடித்த பூச்சிகளை உயிரோடு ஒரு பை வாங்கினேன். பாதி வீட்டில் பொரிப்பதற்கு; மீதியை, வேறு வித்தும் சேரட்டும் என்று தொட்டியில் விடுவதற்கு. பொரிக்க எடுத்தவற்றை அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு பூச்சியின் பின்பக்கத்திலிருந்து பழுப்பு நிறத்தில் முடி போன்ற ஒன்று நெளிந்துகொண்டே வெளியே வந்தது. முழுதும் வந்த பிறகு அளந்தால் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அவ்வளவு நீளம் அந்தச் சிறிய வயிற்றுக்குள் எப்படிச் சுருண்டு கிடந்தது என்று தெரியவில்லை. பூச்சி அதற்குப் பிறகும் உயிரோடுதான் இருந்தது.

குதிரை வால்முடி தண்ணீரில் ஊறினால் உயிர் பெற்றுவிடும் என்றும், அதைக் குடித்த பூச்சிதான் இது என்றும் என் மாமியார் சொல்கிறார். நான் கேட்பது இவைதாம். மீதிப் பூச்சிகளைச் சாப்பிடலாமா? தொட்டிகளில் உள்ளவற்றுக்கு இது பரவுமா? இன்னொன்று: மூன்றாம் தொட்டியில் ஒரு பெண் பூச்சி இரண்டு நாட்களாக நேராக நடக்காமல் ஒரே பக்கமாக வளைந்து வளைந்து சுற்றுகிறது. புழு அதன் மூளைக்குள் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

மோல்மேன் டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்தது குதிரைமயிர்ப் புழு. உங்கள் மாமியார் சொன்ன கதை உலகத்தில் பல நாடுகளில் வழங்கிய கதைதான். அந்தப் பெயரே அதனால் வந்தது. ஆனால் முடிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தனி விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது. முதிர்ந்த புழுக்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து முடிச்சாகக் கிடப்பதால், கார்டியஸ் மன்னன் போட்ட அவிழ்க்க முடியாத முடிச்சின் பெயரை அதன் ஓர் இனத்துக்கு வைத்தார்கள்.

அதன் வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். புழு தண்ணீரில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் பொரிந்து வரும் இளம்புழு, குளத்திலும் ஓடையிலும் வாழும் கொசுவினப் பூச்சிகளின் புழுக்களுக்குள் புகுந்து உறை கட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பூச்சிகள் சிறகு முளைத்துக் கரையேறிச் செத்து விழும்போது அவற்றைத் தின்னும் சுவர்க்கோழியின் வயிற்றில்தான் புழு வளர்கிறது. வளரும் புழு வாயால் உண்பதில்லை. பூச்சியின் உடல் நீரில் உள்ள சத்தைத் தன் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஒரு பயிட்டிலிருந்து பக்கத்திலிருக்கும் பயிட்டுக்கு இது நேரே தொற்றாது. கோழித்தீவனமும் கீரையும் தின்று, மூடிய தொட்டியில் வளரும் பூச்சிக்கு இது வருவதற்கு வழியே இல்லை. வயலில் பிடித்தவற்றுக்குத்தான் வரும்.

மனித உடலில் இது ஒட்டுண்ணியாக வாழாது. நன்றாகப் பொரித்த பூச்சியைச் சாப்பிடுவதில் இந்தப் புழுவால் ஆபத்து இல்லை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக் கூடாது என்பது எப்படியும் பொதுவான விதி.

இந்தப் புழுவின் பெயர்பெற்ற வித்தை ஒன்று உண்டு. முதிர்ந்த புழுவுக்குத் தண்ணீர் வேண்டும். சுவர்க்கோழியோ தண்ணீரில் இறங்கும் பிராணி அன்று. ஆனால் புழு முற்றிய சுவர்க்கோழி தானாகவே போய்க் குளத்தில் குதித்துவிடுகிறது. பிரான்சில் ஆராய்ச்சியாளர்கள் இரவில் ஒரு நீச்சல் குளத்தின் கரையில் காத்திருந்து, காட்டிலிருந்து வந்த சுவர்க்கோழிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுவதைப் பதிவு செய்து 2002இல் வெளியிட்டார்கள். பூச்சியின் நடத்தையையே புழு ஆட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கேள்விக்குறி (மாந்தலே) எழுதியது:

டீச்சர் சொன்னவற்றில் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெகுக்காரன் பார்த்த பூச்சி எங்கேயும் போய்க் குதிக்கவில்லை. அவரே அதைச் சட்டியில் போட்டார். தண்ணீர் பட்டதும் முற்றிய புழு வெளியே வந்தது, அவ்வளவுதான். அதை வைத்து மூளையை ஆட்டிவைக்கிறது என்று முடிவு கட்டுவது பேய்க்கதை சொல்வது போல ஆகிவிடாதா? புழு பிடித்த பூச்சிக்குத் தாகம் எடுத்திருக்கலாம், அது தண்ணீரைத் தேடிப் போயிருக்கலாம் அல்லவா?

மோல்மேன் டீச்சர் எழுதியது:

நியாயமான கேள்வி. நான் சற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்த 2002ஆம் ஆண்டு ஆய்விலேயே, புழு பிடித்த சுவர்க்கோழி தூரத்திலிருந்து தண்ணீரை மோப்பம் பிடித்துக்கொண்டு வருவதாகத் தெரியவில்லை. முதலில் அது இலக்கில்லாமல் அலைகிறது. தன் வழக்கமான வாழிடத்தைவிட்டு வெளியே வருகிறது. அப்படித் தற்செயலாகத் தண்ணீர் அருகே வந்தபின்தான் உள்ளே இறங்குகிறது. அப்படிப்பட்ட பூச்சிகள் வெளிச்சத்தை நாடுகின்றன என்று பின்னால் வேறொரு சோதனையில் கண்டார்கள்; இரவில் காட்டுக்குள் திறந்த நீர்ப்பரப்புதான் சற்று வெளிச்சமான இடம். அதாவது புழு "தண்ணீருக்குப் போ" என்று கட்டளையிடவில்லை; அலையவும் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கவும் தூண்டினாலே போதும், மற்றதைக் குளம் பார்த்துக்கொள்ளும். வெறும் தாகம் என்றால் பூச்சி கரையிலேயே நின்று குடித்திருக்கும், நீருக்குள் குதித்திருக்காது. புழு பிடித்த பூச்சிகளின் மூளையில் சில புரதங்களின் அளவு மாறியிருப்பதையும் அதே குழுவினர் பின்னர் காட்டியிருக்கிறார்கள்.

பெகுக்காரன் தம்பி, உங்கள் பெண் பூச்சி சுற்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்கால் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய ரங்கூன் எழுதியது:

இடையில் ஒரு சொல் குறித்து. சில்வண்டு என்ற பெயரை மரத்தில் பகலில் இரையும் பூச்சிக்கும், தரையில் இரவில் கூவும் பூச்சிக்கும் சேர்த்தே வழங்குகிறோம்; இரண்டும் வெவ்வேறு வகை. மரத்தில் இரைவது வயிற்றுப் பக்கத்தில் உள்ள தகடுகளை அதிர்த்து ஒலி எழுப்புவது. தரையில் கூவுவது சிறகோடு சிறகைத் தேய்ப்பது. டீச்சர் சுவர்க்கோழி என்று எழுதியதே சரி. பிள்ளைப்பூச்சியும் அதன் உறவுதான், மண்ணைத் தோண்டுவதற்கேற்ற கால் கொண்டது. நம் ஊரில் பயிட் என்று விற்பவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஆழமாக வளை தோண்டி, வாயில் மண்ணைக் குவித்து மூடிக்கொள்ளும் தடித்த பழுப்புப் பூச்சி ஒன்று. கறுப்பாக, சிறகு தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகளோடு இருப்பது இன்னொன்று. பெகுக்காரன் தொட்டியில் வளர்ப்பது இரண்டாவதாகத்தான் இருக்கும். முதலாவது ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் என்பதால் வளர்த்து லாபம் பார்க்க முடியாது.

பெகுக்காரன் எழுதியது:

ஆமாம் ஐயா, இரட்டைப் புள்ளிக் கறுப்புதான். டீச்சர் சொன்னபடி பார்த்தேன். அந்தப் பெண் பூச்சிக்கு இடது முன்கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. நெருக்கடியில் மற்றது கடித்திருக்க வேண்டும். அது வலப்பக்கமாகவே சுற்றுகிறது. ஆனால் இன்னொரு தொட்டியில் நடுக்கால் இல்லாத பூச்சி ஒன்று நேராகத்தான் நடக்கிறது. முன்கால் போனதற்கும் வளைந்து நடப்பதற்கும் என்ன தொடர்பு?

ரேடியோக்கடை (ரங்கூன்) எழுதியது:

இந்த இழையில் நான் எழுதக் காத்திருந்த இடம் இதுதான். ஒலிபெருக்கியும் மைக்கும் பழுது பார்ப்பது என் தொழில். சுவர்க்கோழியின் காது எனக்கு நெடுநாள் வியப்பு.

அதன் காது முன்காலில் இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் வெண்மையாக நீள்வட்டமாக ஒரு சவ்வு தெரியும்; அதுதான் செவிப்பறை. உங்கள் பெண் பூச்சி இழந்தது வெறும் காலை அன்று, இடது காதை. அந்தத் தொட்டியில் ஆண்கள் கூவிக்கொண்டிருக்கும்போது, எந்தக் காதில் ஓசை பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது பெண் சுவர்க்கோழியின் நடைவிதி. ஒரே காது இருந்தால் எப்போதும் அந்தப் பக்கம்தான் பலமாகக் கேட்கும். ஆகவே அது எப்போதும் அந்தப் பக்கமே திரும்புகிறது. ஆண்களை அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். சுற்றல் குறைந்தால் நான் சொன்னது சரி.

இதில் பெரிய புதிர் ஒன்று உண்டு. இந்த வகை ஆணின் கூவல் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டர். இரண்டு காதுகளுக்கும் இடையே உள்ள தூரமோ ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இவ்வளவு நீள அலையை இவ்வளவு சிறிய உடல் மறைக்காது. எனவே இரண்டு காதுகளிலும் ஓசை ஏறக்குறைய ஒரே பலத்தில்தான் விழும். பிறகு இடம் வலம் எப்படித் தெரிகிறது? சவ்வின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒலி படுவதில்லை. மார்பின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளையிலிருந்து ஒரு குழல் காலுக்குள் இறங்கி, சவ்வின் உட்பக்கத்துக்கும் ஒலியைக் கொண்டுவருகிறது. அந்தக் குழல் மறுபக்கக் குழலோடும் நடுவில் தொட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிப் பல வழிகளில் வந்து சேரும் ஒலிகள், ஒரு திசையிலிருந்து வந்தால் சவ்வைச் சேர்ந்து தள்ளும். எதிர்த் திசையிலிருந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். முன்னும் பின்னும் திறந்த பழைய ரிப்பன் மைக் வேலை செய்யும் விதமும் ஏறத்தாழ இதுவே. மைக் செய்தவர்கள் பூச்சியைப் பார்த்துச் செய்யவில்லை என்றாலும், அந்த ஒற்றுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெண் வருவது ஓசையை மட்டும் கேட்டுத்தான் என்பதை முதலில் காட்டியவர் ஸ்லொவீனியாவில் பிறந்து வியன்னாவில் ஆய்வு செய்த ரேகன். 1913இல் அவர் ஆணின் கூவலைத் தொலைபேசி வழியாக அனுப்பினார். ஆணின் உருவமோ வாசனையோ இல்லாத இடத்தில், பெண் தொலைபேசிக் குழலை நோக்கி நடந்து வந்தது.

பெண் எல்லா ஓசைக்கும் வராது. ஒரு கூவலில் மூன்று நான்கு துடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு துடிப்பும் முன்சிறகுகள் ஒருமுறை மூடும்போது, ஒரு சிறகின் அரம்போன்ற பல்வரிசையில் மற்றதன் ஓரம் உரசுவதால் எழுவது. துடிப்புக்குத் துடிப்பு சுமார் 40 மில்லிசெகண்ட் இடைவெளி இருக்க வேண்டும். அதைப் பெண்ணின் மூளை அளப்பது ஐந்தே நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு சுற்றால் என்று கேம்பிரிட்ஜில் ஹெட்விக்கின் குழு 2015இல் காட்டியது. ஒலியின் செய்தி ஒரு வழியில் நேராகவும், இன்னொரு வழியில் தாமதித்தும் போகிறது. முதல் துடிப்பின் தாமதித்த செய்தியும் இரண்டாம் துடிப்பின் நேர்ச் செய்தியும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால்தான் கடைசி அணு விழிக்கும். அந்தப் பக்கம் ஆணும் தன் கூவலால் தானே செவிடாகிவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: சிறகு மூடும் ஒவ்வொரு முறையும், ஒரு நரம்பணு காது நரம்புகளை அந்தக் கணத்துக்கு மட்டும் அடக்கிவைக்கிறது.

கேள்விக்குறி (மாந்தலே) எழுதியது:

அண்ணன் எழுதியது மிக நன்றாக இருக்கிறது. எனக்கு உறுத்துவது ஒன்று. இவ்வளவு தூரம் கேட்கும்படி கூவினால் பெண் மட்டும்தான் கேட்குமா? வேறு எதற்கும் காது இல்லையா?

ரேடியோக்கடை (ரங்கூன்) எழுதியது:

இருக்கிறது தம்பி, அதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஆர்மியா என்ற ஈ உண்டு. இருட்டில் கூவும் ஆணைக் காதால் கண்டுபிடித்து, அதன் மேலும் பக்கத்திலும் உயிருள்ள குட்டிப் புழுக்களை உதிர்த்துவிட்டுப் போகும். அவை பூச்சியின் உடலைத் துளைத்து உள்ளே போய், ஒரு வாரம் பத்து நாளில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும். இதை 1975இல் முதலில் அறிவித்தவர் கேட் என்ற ஆய்வாளர். அந்த ஈயின் இரண்டு காதுகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். ஒரு காதுக்கும் மற்றதற்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு அதிகம் போனால் ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. சுவர்க்கோழியின் குழல் தந்திரம் அதற்குப் போதாது. எனவே அது வேறு வழி கண்டிருக்கிறது: இரண்டு செவிப்பறைகளையும் ஏற்ற இறக்கப் பலகை (சீசா) போன்ற ஒரு கடினமான பாலம் இணைக்கிறது, ஒன்று முதலில் அசைந்தால் மற்றதன் அசைவு மாறிவிடும். அதனால் 2 பாகை துல்லியத்தில் திசை அறிகிறது. செவித்துணைக் கருவிக்குச் சிறு மைக் செய்பவர்கள் இந்த அமைப்பை உண்மையிலேயே பார்த்துச் செய்து பார்த்தார்கள்.

அந்த ஈ ஹவாய்த் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே கவாய் தீவில் ஆண் சுவர்க்கோழிகளில் பெரும்பாலானவை கூவுவதையே நிறுத்திவிட்டதை ஸுக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் எழுதினார்கள். ஒரு மரபணு மாற்றத்தால் சிறகில் அரம் இல்லாமல் போய், தட்டையான சிறகோடு பிறந்தவை அவை. 20 தலைமுறைகளுக்குள் அந்த மாற்றம் பரவிவிட்டது. ஊமை ஆண்கள், இன்னும் கூவிக்கொண்டிருக்கும் சில ஆண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கே வரும் பெண்களை மறித்துக்கொள்கின்றன. நம் பெகுத் தொட்டிக்கு அந்த ஈயைப் பற்றிய கவலை வேண்டாம்; அது நம் பக்கத்து ஈ அன்று.

வௌவாலையும் சொல்ல வேண்டும். பறந்துகொண்டிருக்கும் சுவர்க்கோழி 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நோக்கித் திரும்பும்; வௌவால் எழுப்பும் 30 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகை ஒலியைக் கேட்டால் விலகித் திரும்பும். இடையில் 13க்கும் 16க்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே நல்லது, மேலே கெட்டது. நடுத்தரமாக ஒன்றும் இல்லை.

பெகுக்காரன் எழுதியது:

ஆண்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன் அண்ணே. சுற்றுவது நின்றுவிட்டது. இப்போது அது மூலையில் முட்டை அட்டைக்கு அடியில் சும்மா இருக்கிறது. மிக்க நன்றி.

இன்னொரு கேள்வி. மூன்றாம் தொட்டியில் தினமும் ஐந்தாறு பூச்சிகள் சாகின்றன. கோழிப்பண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் (பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து) பொடியைத் தீவனத்தில் கலந்துவிடச் சொல்கிறார். கலக்கலாமா?

மோல்மேன் டீச்சர் எழுதியது:

கலக்க வேண்டாம். காரணத்தைச் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

சுவர்க்கோழியின் பின்குடலின் உட்சுவரில் மயிர்போன்ற நீட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு ஏராளமான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூச்சியால் தானாகச் செரிக்க முடியாத மாவுப்பொருள்களை அவை நொதிக்கவைத்து, அதிலிருந்து உண்டாகும் சிறு கொழுப்பமிலங்களைப் பூச்சிக்குக் கொடுக்கின்றன. 1991இல் காஃப்மனும் கிளக்கும் வீட்டுச் சுவர்க்கோழியில் இதை அளந்து காட்டினார்கள். கரப்பான் பூச்சியின் உடலில் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும் ஒரு நிரந்தரக் குடியிருப்பாளன் உண்டு. அது இல்லாமல் கரப்பானால் ஒழுங்காக வளர முடியாது. சுவர்க்கோழிக்கு அப்படிப்பட்ட பரம்பரைச் சொத்து இல்லை. அதன் பாக்டீரியாக் கூட்டம் தின்னும் தீவனத்தைப் பொறுத்து மாறும். அதனாலேயே அது எளிதில் கலையவும் கூடியது; மருந்து போட்டால் முதலில் போவது அந்தக் கூட்டம்தான். தீவனச் செலவு கூடும், எடை குறையும்.

முட்டை வழியாக வரும் பாக்டீரியாவே சுவர்க்கோழியில் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வோல்பாக்கியா என்பது சில வகைகளில் இருக்கிறது. அது பிடித்த ஆண், அது இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரியாது. தைவான் சுவர்க்கோழியில் ஜப்பானியர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். உதவி செய்யாமலே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும் குடித்தனக்காரன் அது.

உங்கள் சாவுக்குக் காரணம் பாக்டீரியாவாக இல்லாமல் வைரஸாக இருந்தால் டெட்ராசைக்ளின் ஒன்றும் செய்யாது. வீட்டுச் சுவர்க்கோழிப் பண்ணைகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காலி செய்த டென்சோவைரஸ், உங்கள் இரட்டைப் புள்ளி வகையை அவ்வளவாக வருத்துவதில்லை. பலர் அதனால்தான் இந்த வகைக்கு மாறினார்கள். இரிடோவைரஸ் என்பது வேறு. செத்த பூச்சியைத் திறந்து பாருங்கள். உள்ளே உள்ள கொழுப்புத் திசு வீங்கி நீலம் பூத்திருந்தால் அதுவாக இருக்கலாம். கனடாவில் அடாமோவின் குழு 2014இல் எழுதியது இன்னும் விசித்திரம்: நோய் வந்த பூச்சி சோர்ந்து ஒடுங்குவதுதான் இயல்பு; இந்த வைரஸ் பிடித்தவையோ முட்டை உற்பத்தி நின்றுபோயும் கூடுவதற்கு முன்போலவே, ஆண்கள் முன்னைவிட வேகமாகவே, முனைந்தன. அந்தக் கூடலின்போதும் வைரஸ் தொற்றக்கூடும்.

கடைசியாக நெருக்கடியைப் பற்றி. கால் போகும் அளவுக்கு உங்கள் தொட்டியில் சண்டை நடக்கிறது என்றால், சாவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சண்டையிட்டு ஓய்ந்த, பறந்து களைத்த சுவர்க்கோழி, கிருமிக்கு எளிதில் பலியாகிறது. பறப்பதற்கான கொழுப்பைத் தசைக்குச் சுமந்து செல்லும் அதே புரதம்தான் கிருமியை எதிர்க்கவும் உதவுகிறது. சுமைவேலைக்கு அது போய்விட்டால் காவலுக்கு ஆள் இல்லை. பொடிக்குச் செலவிடும் காசில் இன்னும் இரண்டு கட்டு முட்டை அட்டை வாங்கி அடுக்குங்கள். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் சண்டை குறையும்.

பழைய ரங்கூன் எழுதியது:

பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்டது போல, வயற்பூச்சியை வாங்கித் தொட்டியில் விட்டதையும் கணக்கில் சேருங்கள் டீச்சர். மயிர்ப்புழு பரவாது என்பது சரி. அவற்றோடு வைரஸ் வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. வயலிலிருந்து வந்தவை எந்தத் தொட்டிக்குப் போயின தம்பி?

பெகுக்காரன் எழுதியது:

மூன்றாம் தொட்டிக்குத்தான் ஐயா. இப்போதுதான் எனக்கும் உறைக்கிறது.

செத்தவற்றில் நான்கை அறுத்துப் பார்த்தேன். கொழுப்பு வெள்ளையாகவும் சற்று மஞ்சளாகவும்தான் இருந்தது, நீலம் இல்லை. ஆனாலும் அந்தத் தொட்டியில் இருந்த முதிர்ந்தவை அனைத்தையும் நேற்றே பொரிக்கக் கொடுத்துவிட்டேன். தொட்டியைச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட்டிருக்கிறேன். மற்றத் தொட்டிகளுக்கு ஆளுக்கு ஐந்து அட்டைகள் கூடுதலாக வைத்தாயிற்று. ஒற்றைக்காதுப் பெண்ணை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஈரமணல் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலையில் மணலில் பின்குழலை இறக்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. போன கால் மறுபடி முளைக்குமா டீச்சர்?

மோல்மேன் டீச்சர் எழுதியது:

முதிர்ந்த பூச்சிக்கு முளைக்காது தம்பி. தோல் உரிக்கும் குஞ்சாக இருந்தால் இரண்டு மூன்று உரிப்பில் முளைத்திருக்கும். ஆனால் முதிர்ந்ததற்கும் ஒன்று நடக்கும்: காது போன பக்கத்து நரம்பணுக்கள், உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக் காதின் நரம்போடு போய் இணைந்துகொள்ளும். அது சில நாட்களில் நடப்பது. முட்டையிட்டு முடித்த பிறகு வாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆணை வலைக்கூட்டில் வைத்து, இன்னும் சுற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.